முதியோர் இல்லத்தில் ஒருவரை எந்த வகையில் சேர்ப்பது? நடமாட்டத்தையும் பராமரிப்பையும் பிரித்து எழுத ஒரு வழிகாட்டி

பொறுப்பேற்ற முதல் நாள் என் கையில் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம்: "நடப்பவர்", "பிடித்து நடப்பவர்", "படுக்கை". இல்லத்தில் இருந்த அத்தனை பேரும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் இருந்தார்கள். எளிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாரம், "நடப்பவர்" கட்டத்தில் இருந்த ஒரு பாட்டி அதிகாலை மூன்று மணிக்கு வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு மறதி நோய். கால்களில் ஒரு குறையும் இல்லை. அதே மாதம் "படுக்கை" கட்டத்தில் இருந்த ஒரு ஐயா, புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் கையை நீட்டியதும் கட்டிலோரத்தில் எழுந்து நின்றார். எட்டு மாதமாக அவரை யாரும் நிற்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை. நோட்டில் படுக்கை என்று இருந்தது, அதனால் படுக்கையிலேயே இருந்தார்.

அதற்கப்புறம் எல்லோரையும் மறுபடி வகைப்படுத்த உட்கார்ந்தேன். ஒரு முறையல்ல, மூன்று முறை. முதல் முறை மருத்துவமனைத் தாள்களை நம்பிக் கெட்டேன். இரண்டாம் முறை பகலில் மட்டும் பார்த்து எழுதினேன். மூன்றாம் முறைதான் உருப்படியாக வந்தது. நீங்கள் நேராக மூன்றாம் முறைக்கே போய்விடலாம் என்பதற்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன். இல்லத்தில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ், மேற்பார்வையாளர், பராமரிப்பாளர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்களுக்கு 2, 9 இரண்டும் பயன்படும்.

1. ஒரு கேள்வியை இரண்டாக உடையுங்கள்

"இவருக்கு எவ்வளவு உதவி தேவை?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் குழம்பிவிடும். கேட்க வேண்டியவை இரண்டு. உடலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த என்ன வேண்டும்? அது நடமாட்டம். ஒரு நாளை ஆபத்தில்லாமல் கழிக்க என்ன வேண்டும்? அது பராமரிப்பு. இரண்டும் பல பேரிடம் சேர்ந்தே இறங்குவதால் ஒன்றுதான் என்று தோன்றும். சேராத இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

ஜெர்மனியில் 2017 முதல் பராமரிப்புத் தேவையை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணில் நடமாட்டத்தின் பங்கு 10 சதவீதம்தான். சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறை போன்ற சொந்த வேலைகளுக்கு 40 சதவீதம். நடை எவ்வளவு சிறிய பங்கு என்பது எனக்கு அந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நாங்கள் இப்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் எழுதுகிறோம். எண் நடமாட்டத்துக்கு, 1 முதல் 5 வரை. எழுத்து பராமரிப்புக்கு: அ, ஆ, இ. மேலே சொன்ன பாட்டி 1-இ. நிற்கவே முடியாது, ஆனால் தட்டை முன்னால் வைத்தால் தானே சாப்பிட்டு, வேண்டும்போது மணியடித்துக் கூப்பிடுகிறவர் 4-ஆ. பழைய நோட்டில் முதலாமவரை யாரும் கவனிக்க வேண்டாம், இரண்டாமவரோடு எல்லோரும் இருக்க வேண்டும் என்று இருந்தது.

2. ஆள் வருவதற்கு முன் தாள்கள் வர வேண்டும்

இதில் கறாராக இருங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். நான் கேட்டு வாங்குபவை:

- மருத்துவமனையிலிருந்து வருகிறவர் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் பிசியோதெரபிஸ்ட் எழுதிய பக்கம் தனியாக இருந்தால் அதுவும்.
- இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், வேளையோடு. பெயர் மட்டும் போதாது. ஏன் என்று 4-இல் தெரியும்.
- சமீபத்திய எடை, உயரம். "சுமார் 60 கிலோ" என்பதை ஏற்காதீர்கள். தூக்கும் கருவிக்கும் அதன் ஸ்லிங்குக்கும் (ஆளை ஏந்தும் துணித் தொட்டில்) இந்த எண்தான் அடிப்படை.
- கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது.
- கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட், செருப்பு. இவை இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையும் வீண்.
- வீட்டில் அவருடன் இரவில் படுத்திருந்தவரின் தொலைபேசி எண். கையெழுத்துப் போடும் பிள்ளை ஒருவராக இருப்பார், இரவில் எழுந்தவர் வேறொருவராக இருப்பார். உண்மை தெரிந்தவர் இரண்டாமவர்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. ஒரு முறை மருத்துவமனைத் தாளில் "பார்தல் 14" என்று இருந்தது. 100-க்கு 14 என்று நினைத்து, படுக்கையோடு இருப்பவருக்கான அறையைத் தயார் செய்து, காற்று மெத்தை எல்லாம் போட்டு வைத்திருந்தோம். வந்தவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தல் அளவுகோல் 100 மதிப்பெண்ணிலும் உண்டு, 20 மதிப்பெண்ணிலும் உண்டு. அந்தத் தாளில் இருந்தது 20-க்கு 14. எத்தனைக்கு எத்தனை என்று எழுதாத மதிப்பெண்ணை இப்போதெல்லாம் நான் மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எண் ஏறும் திசையும் அளவுகோலுக்கு அளவுகோல் மாறும். விழும் அபாயத்துக்கான மோர்ஸ் அளவில் எண் கூடினால் ஆபத்து. படுக்கைப்புண்ணுக்கான பிரேடன் அளவில் எண் குறைந்தால் ஆபத்து; 23-இலிருந்து கீழே இறங்கும், 18 அல்லது அதற்குக் கீழே என்றால் கவனம். ஜெர்மனியின் நிலைகளில் 5 என்றால் மிக அதிகத் தேவை. பிரான்ஸின் ஆறு படிகளில் 1 தான் மிக அதிகத் தேவை. வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ வரும் தாளில் எந்தப் பக்கம் நல்லது என்று முதலில் பாருங்கள்.

3. முதல் 24 மணி நேரம்: தற்காலிக வகை

வந்த அன்றே ஒரு வகை எழுதித்தான் ஆக வேண்டும். இரவு ஷிப்டில் வருபவர் அதைப் பார்த்துத்தான் கட்டிலிலிருந்து எழுப்புவார். ஆனால் அதன் பக்கத்தில் "தற்காலிகம்" என்றும் தேதியும் பெரிதாக எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி அதிக உதவியாகவே எழுதுங்கள். மூன்று நாளில் குறைத்துக்கொள்ளலாம்.

கட்டிலோரத்திலேயே சில நிமிடங்களில் முடிகிற சோதனை ஒன்று இருக்கிறது. பிமேட் என்று நர்ஸ்கள் சொல்வார்கள். நான்கு படி. எந்தப் படியில் முடியவில்லையோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

முதல் படி, கட்டிலோரத்தில் சாயாமல் உட்கார்ந்து, ஒரு கையை உடலின் மறுபக்கம் வரை நீட்டி உங்கள் கையைக் குலுக்க முடிகிறதா? இரண்டாவது, உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் அசைக்க முடிகிறதா? மூன்றாவது, எழுந்து, ஐந்து எண்ணும் வரை நிற்க முடிகிறதா? நான்காவது, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்து, பிறகு ஓர் அடி முன்னே வைத்துத் திரும்ப முடிகிறதா?

மூன்றாவது படியோடு சேர்த்து இரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால், கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் அவர் எழும்போது விழக்கூடியவர். மருத்துவரிடம் சொல்லுங்கள், வகையிலும் குறியுங்கள்.

தானாக எழுந்து நடக்கிறவருக்கு மட்டும் இன்னொரு சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? வழக்கமாக அணியும் செருப்போடும் கைத்தடியோடும்தான் நடக்கச் சொல்ல வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கிறது. நீங்கள் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிற வேலை அல்ல இது.

4. மூன்று நாள், எல்லா ஷிப்டும்

எனக்கு மிக அதிகமாகப் பாடம் கற்பித்தது இந்தப் படிதான்.

ஒருவர் காலை பத்து மணிக்கு அறை முழுக்க நடந்து காட்டினார். வாக்கர் இருந்தால் போதும் என்று எழுதினேன். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். இரவு ஷிப்டில் இருந்த பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவரு ராத்திரியில வேற ஆளு மேடம், நீங்க பகல்ல மட்டும்தான பார்க்குறீங்க."

அன்றிலிருந்து பகல் நிலை, இரவு நிலை என்று இரண்டு எண் எழுதுகிறோம். பலருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றாக இல்லாதவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

பார்க்கின்சன் உள்ளவரிடம் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் கைத்தடியோடு நடப்பவர், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் நாற்காலியிலிருந்து எழக்கூட முடியாமல் உறைந்துவிடுவார். மருந்துப் பட்டியலை வேளையோடு கேட்டது இதற்காகத்தான். அவருக்குக் குளியலையும் நடைப்பயிற்சியையும் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வையுங்கள். வகை எழுதும்போது அந்த நேரத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள்.

கவனிக்கிறவர் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "உதவி தேவை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "இடது பக்கம் ஒருவர் நின்று முதுகைத் தாங்கினால் எழுவார், வலது கால் மடங்கும், கதவு வரை போனதும் மூச்சு வாங்கும்" என்று எழுதினால் அவரைப் பார்க்காதவருக்கும் புரியும்.

முடியுமா என்று கேட்காமல், செய்கிறாரா என்று பாருங்கள். இதில் இரண்டு பக்கமும் ஏமாறலாம். சிலர் மருத்துவரைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நிற்பார்கள். அவர் தலை மறைந்ததும் அப்படியே கட்டிலில் சரிவார்கள். வேறு சிலர் சட்டைப் பொத்தானைத் தாங்களே போடக்கூடியவர்கள்; ஆனால் நம் ஆட்கள் அவசரத்தில் தினமும் போட்டுவிட்டு, தாளில் "உடை: முழு உதவி" என்று எழுதியிருப்பார்கள். இந்த இரண்டாவது தவறு நம்முடையது. கொஞ்ச நாளில் அவருக்குப் பொத்தான் போடுவது உண்மையிலேயே மறந்துவிடும்.

5. நடமாட்ட எண்: ஐந்து நிலை

ஆர்ஜோ என்ற கருவி நிறுவனம் ஐந்து கற்பனை ஆட்களை வைத்து ஒரு முறை செய்திருக்கிறது: ஆல்பர்ட், பார்பரா, கார்ல், டோரிஸ், எம்மா. ஆல்பர்ட் நடப்பவர், எம்மா படுக்கையோடு இருப்பவர். ஆங்கில அகரவரிசையில் பெயர் இறங்க இறங்க உதவி கூடும். அதைப் பெயரில்லாமல் எண்ணாக்கி வைத்துக்கொண்டேன்.

நிலை 1: தானே நடக்கிறார். கைத்தடி இருக்கலாம். ஆள் தொட வேண்டியதில்லை.

நிலை 2: வாக்கரோ ஒருவரின் கையோ வேண்டும். தன் எடையைத் தானே தாங்குகிறார். எழும்போதும் திரும்பும்போதும் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நிலை 3: சக்கர நாற்காலியில் இருப்பார். ஒரு காலிலாவது கொஞ்சம் எடையைத் தாங்குவார், முதுகு ஓரளவு நிமிர்ந்து நிற்கும்.

நிலை 4: எடையைத் தாங்கவே முடியாது. சாய்மானம் கொடுத்தால் உட்காருவார். நகர்த்துவது முழுக்க மற்றவர் வேலை.

நிலை 5: ஏறக்குறைய எப்போதும் படுக்கையில். மூட்டுகள் இறுகியிருக்கும். திருப்பிப் படுக்க வைப்பதற்கும் ஆள் வேண்டும்.

3-க்கும் 4-க்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும் வரும். நான் நான்கு கேள்வி வைத்திருக்கிறேன். கட்டிலோரத்தில் தானே உட்காருகிறாரா? ஒரு காலாவது எடையைத் தாங்குகிறதா? ஒரு கையாவது இறுக்கிப் பிடிக்கிறதா? "இப்போ எழுங்க" என்றால் புரிந்து செய்கிறாரா? நான்குக்கும் ஆம் என்றால் 3. ஒன்று இல்லை என்றாலும் 4. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிற்க வைத்துத் தூக்கும் கருவியில் பாதியில் கையை விட்டுவிடுகிறவருக்குக் கால் பலம் இருந்து என்ன பயன்?

6. பராமரிப்பு எழுத்து: பார்தல் போதுமா?

தொடங்குவதற்குப் பார்தல் நல்லது. 1965-இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. பத்து விஷயம், மொத்தம் 100: சாப்பிடுவது 10, குளிப்பது 5, முகம் கழுவித் தலை வாருவது 5, உடை 10, மலம் அடக்குவது 10, சிறுநீர் அடக்குவது 10, கழிப்பறை 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது 15, நடை 15, படி ஏறுவது 10. கருவியோடு தானே செய்தால் முழு மதிப்பெண். ஆள் பக்கத்தில் நின்றுதான் ஆக வேண்டும் என்றால், தொடாவிட்டாலும், முழு மதிப்பெண் கிடையாது. இந்த இரண்டு விதியையும் ஊழியர்களுக்கு முதலில் சொல்லுங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். 60 வாங்கிய இருவரில் ஒருவருக்கு நடையில் மதிப்பெண் போயிருக்கும், இன்னொருவருக்கு மலமும் சிறுநீரும் அடங்காமல் போயிருக்கும். முன்னவருக்கு ஒரு சக்கர நாற்காலி போதும். பின்னவருக்கு நாளைக்குப் பல தடவை உடை மாற்ற ஆள் வேண்டும்.

நினைவு, நடத்தை, பார்வை, விழுங்குவதில் சிக்கல், வலி, இரவு விழிப்பு எதையும் பார்தல் கேட்பதில்லை. வெளியே போன அந்தப் பாட்டிக்கு நான் போட்ட பார்தல் 90. தாளில் எந்தத் தவறும் இல்லை. ஆகவே எழுத்தை இப்படி வைக்கிறோம்.

அ: நினைவூட்டினால் போதும், நடுவில் தனியாக விடலாம்.

ஆ: சில வேலைகளுக்குக் கை கொடுக்க வேண்டும். தேவையானால் தானே கூப்பிடுவார்.

இ: பெரும்பாலான வேலையை மற்றவர் செய்ய வேண்டும், அல்லது கூப்பிடத் தெரியாது, அல்லது கண் பார்வையிலிருந்து விடக்கூடாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே இ. பார்தல் எவ்வளவு என்பது அப்புறம்.

7. வகைக்கு ஏற்ற ஆளும் கருவியும்

எண்ணைப் பார்த்ததும் எத்தனை பேர், எந்தக் கருவி என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் வகைப்படுத்தியதில் அர்த்தமில்லை. நிலை 2-க்கு ஓர் ஆள், இடுப்பில் கட்டிப் பிடிக்கும் பெல்ட், உயரமான கமோடு இருக்கை. நிலை 3-க்கு நிற்க வைத்துத் தூக்கும் கருவி. 4-க்கு ஸ்லிங் மாட்டி முழுதாகத் தூக்கும் கருவியும் இரண்டு பேரும். 5-க்கு அவற்றோடு, படுக்கையில் ஆளை இழுக்காமல் நகர்த்த உதவும் வழுக்குத் துணியும் படுக்கைப்புண் வராத மெத்தையும்.

"அவங்க ஒல்லிதானே, ரெண்டு பேர் தூக்கிடலாம்" என்று சொல்வார்கள். விடாதீர்கள். தொழிலாளர் நலம் பற்றி ஆராயும் அமெரிக்க அமைப்பான நியோஷ் ஆட்களைக் கையால் தூக்க வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே 11 கிலோ இருக்கும். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினாலே வரம்பு தாண்டியாயிற்று.

கருவியில் அது தாங்கும் எடை எழுதியிருக்கும். ஸ்லிங்கிலும் தனியாக எழுதியிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. ஸ்லிங் அளவு சரியில்லாவிட்டால் பெரியதில் ஆள் நழுவுவார், சிறியதில் தொடை அறுக்கும். பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் கருவியை 6 மாதத்துக்கு ஒரு முறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் இடத்தில் அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்; பரிசோதித்த தேதியைக் கருவியிலேயே ஒட்டுங்கள்.

8. நேரமும் செலவும்

நிர்வாகத்திடம் "ஆள் போதவில்லை" என்று சொன்னால் நகராது. நிமிடமாகச் சொன்னால் நகரும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அளந்து பாருங்கள். கணக்கு எளிது: ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம், எத்தனை பேர், நாளைக்கு எத்தனை தடவை. மூன்றையும் பெருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நிலை 4-இல் இருப்பவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேருக்கு 8 நிமிடம் ஆகிறது, நாளைக்கு 6 தடவை என்றால் 96 ஆள்-நிமிடம். நிலை 5-இல் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு பேர் 5 நிமிடத்தில் திருப்பிப் படுக்க வைத்தால் 12 தடவைக்கு 120. சரி, நடப்பவரான 1-இ பாட்டிக்கு? தூக்குவது பூஜ்யம். ஆனால் அரை மணிக்கு ஒரு முறை ஒருவர் போய் 2 நிமிடம் பார்த்து வந்தால் 48 தடவை, 96 நிமிடம். தூக்கு கருவி தேவைப்படுகிறவருக்கு ஆகும் அதே 96. இந்த ஒரு வரியைக் காட்டித்தான் எங்கள் இல்லத்தில் இரவுக்கு இன்னோர் ஆள் வாங்கினேன்.

எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம் என்று நினைக்காதீர்கள். சாப்பாடு, ஹேண்டோவர் (அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பது), எழுத்து வேலை எல்லாம் போய் எங்களுக்குக் கைப்பணிக்கு மிஞ்சியது 380 சொச்சம்தான்.

கருவி வாங்கும் வரிசையும் முக்கியம். பெல்ட், வழுக்குத் துணி, கைப்பிடிக் கம்பி, உயரம் மாற்றும் கட்டில் என்று தொடங்குங்கள். குறைந்த பணத்தில் அதிக முதுகுகளைக் காப்பாற்றுபவை இவை. தூக்கு கருவிக்குப் பட்ஜெட் போடும்போது எல்லோரும் மறப்பவை மூன்று: ஆளுக்கு இரண்டு ஸ்லிங் (ஒன்று துவைக்கப் போயிருக்கும்), மாற்று பேட்டரி, பயிற்சிக்கு ஊழியர்களை வேலையிலிருந்து விடுவிக்கும் மணிநேரம். கூரையில் தண்டவாளம் போட்டு மாட்டும் வகை என்றால் கூரை தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்கும் செலவும் உண்டு. நாங்கள் முதலில் கருவியை மட்டும் வாங்கினோம். இரண்டாவது ஸ்லிங் வரும் வரை அது மூலையில் துணி காயப்போடும் கம்பியாக நின்றது.

9. குடும்பத்திடம் சொல்வது

வகை மாறினால் பெரும்பாலான இல்லங்களில் கட்டணமும் மாறும். ஆகவே இந்தப் பேச்சு எப்போதும் சங்கடமானது. தொலைபேசியில் வகையைச் சொல்லாதீர்கள். நேரில் வரவழைத்து, மூன்று நாள் கவனிப்புத் தாளைக் காட்டி, முடிந்தால் கட்டிலிலிருந்து எழும் நேரத்தில் அவர்களையே பார்க்க வையுங்கள். "எங்க அப்பா நல்லா நடப்பாரே" என்று வந்த மகன் ஒருவர், பார்த்துவிட்டு வராந்தாவில் வெகு நேரம் பேசாமல் நின்றார். கட்டணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

குடும்பத்தினருக்கு: வகை எழுதிய தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். யார் மதிப்பிட்டார், எந்தத் தேதி, எந்த ஷிப்டுகளில் பார்த்தார்கள், அடுத்த மதிப்பீடு எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கட்டணம் எந்தத் தேதியிலிருந்து மாறும் என்பதும் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, வகை குறைந்தால் கட்டணமும் குறையுமா என்று கேளுங்கள். கூடும் என்று மட்டும் எழுதிய ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தப்பட்ட பெரியவரை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். வகையைக் கதவில் எல்லோருக்கும் தெரிய ஒட்டுவதும் வேண்டாம். அலமாரியின் உள்பக்கம் போதும், அங்கே பார்க்க வேண்டும் என்று ஊழியர்களுக்குத் தெரிந்தால் சரி.

10. எப்போது மறுபடி பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும். அதற்கு முன்பே, அன்றைக்கே பார்க்க வேண்டியவை: விழுந்தால், மருத்துவமனைக்குப் போய் வந்தால், தூக்க மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ புதிதாக வந்தாலோ மாறினாலோ, திடீரென்று குழப்பமாகப் பேசினால், ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால். மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைப் பழைய ஆளாக நினைக்காதீர்கள். இந்த வழிகாட்டியின் 2-ஆவது பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் பல நேரம் நோய்த்தொற்று இருக்கும். முதலில் மருத்துவர், பிறகு வகை. அப்போது எழுதும் வகையும் தற்காலிகம்தான், அதற்கு முடியும் தேதி வேண்டும். காய்ச்சலில் 4 என்று எழுதியது காய்ச்சல் போன பிறகும் 4 ஆகவே நிற்கும். தேதி இல்லாத தற்காலிகத்தை யாரும் திருத்துவதில்லை. எங்கள் தாளில் இப்போது "முடியும் தேதி" கட்டம் காலியாக இருந்தால் ஹேண்டோவரில் அதை வாங்க மாட்டோம்.

பழைய தாள்களைக் கிழித்துவிடாதீர்கள். புதியதற்குப் பின்னால் வரிசையாக வையுங்கள். மருத்துவர் வந்து "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால், எட்டு மாதம் என்று குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியிருக்காது. தேதியை எடுத்துக் காட்டலாம்.